நம் பிள்ளைகளில் சிலர் திட்டமிடல் படிக்கட்டும்

(இறுதியாண்டு மாணவ மாணவியர், பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஜமாஅத்துகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இந்த ஆண்டு பட்டப்படிப்பை முடிக்கப் போகும் பிள்ளைகளே!

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் ஒரே கேள்விதான் வருகிறது: டிகிரி முடிந்த பிறகு என்ன? பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான். பி.எட்., எம்.பி.ஏ., சென்னையில் ஐ.டி. வேலை, இல்லையென்றால் விசா. பெண் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. இவற்றில் எதையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த வரிசையில் யாரும் கேட்காத ஒரு மேற்படிப்பைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். நிலைத்த வளர்ச்சிக்கான திட்டமிடல் என்பது அதன் பெயர். பெயர் கொஞ்சம் மிரட்டுகிறது. அதனால் நம் வீட்டுக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குவோம். அதாவது சவூதியிலிருந்து.

2011இல் அங்கே 'நிதாகத்' வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் இத்தனை சதவீதம் சவூதிக் குடிமக்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2016 ஏப்ரலில் 'விஷன் 2030' என்ற பெரிய திட்டத்தை வெளியிட்டார்கள். எண்ணெய் வருமானத்தை மட்டும் நம்பி நாட்டை நடத்தக் கூடாது, 2030இல் நாடு இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, அங்கிருந்து ஒவ்வொரு துறைக்கும் வேலை பிரித்தார்கள். அதே 2016 செப்டம்பரோடு மொபைல் போன் விற்பனை, பழுதுபார்க்கும் கடைகளில் வெளிநாட்டவர் வேலை செய்ய முடியாமல் போனது. 2017 ஜூலையிலிருந்து குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. அது ஆண்டுக்கு 100 கூடி 2020இல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால். எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பின என்று லெப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கும் வி.களத்தூர்க்காரர்களுக்கும் நாம் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் நாடு, அவர்கள் திட்டம். அதில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. ரியாத்தில் மேசையில் விரித்த ஒரு வரைவு வெள்ளாற்றங்கரையில் இருக்கும் வீட்டின் மாதச் செலவை மாற்றியிருக்கிறது. அப்படியானால் நம் மாவட்டங்களுக்குள்ளேயே போடப்படும் திட்டங்கள் நம்மை எவ்வளவு மாற்றும்? அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் நம் ஜமாஅத்தில் எத்தனை பேர்?

எறையூரை எடுத்துக்கொள்வோம். 2000களின் பிற்பகுதியில் எறையூர், திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும் என்று சுமார் 3,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின. சொன்ன அளவுக்குத் தொழிற்சாலை வரவில்லை, விற்றவர்களுக்கு நிலமும் இல்லை. பிறகு 2022 நவம்பரில் அதே எறையூர்ப் பகுதியில் சிப்காட் பூங்காவும் காலணித் தொழிற்பூங்காவும் தொடங்கப்பட்டன. ஜெயங்கொண்டத்தின் கதை இன்னும் நீளமானது. பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கப் போகிறோம் என்று 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தும் வேலை தொடங்கியது. இழப்பீட்டு வழக்குகளிலேயே ஒரு தலைமுறை வயதாகிவிட்டது. சுரங்கம் வரவேயில்லை. கடைசியில் அரசே அந்தத் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தருவதாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிலத்தை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது, நம்பிக் கிணறு வெட்டவும் முடியாது.

திட்டம் இல்லாமல் போனதால் வந்த கஷ்டம் இல்லை இது. திட்டம் இருந்தது. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்கள் நிலத்துக்கு மேலே வாழ்கிறவர்களின் இருபது ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்துப் போடத் தெரிவதுதான் நாம் சொல்லும் படிப்பு.

ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987இல் நிலைத்த வளர்ச்சிக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. இன்றிருப்பவர்களின் தேவையும் நிறைவேற வேண்டும், நாளை வருகிறவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியும் அடைபடக் கூடாது என்பது அதன் சாரம். உலகத்துக்கு அது புதிய விளக்கமாக இருந்திருக்கலாம். யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதா? ஏழு ஆண்டு விளைச்சல், பின்னால் ஏழு ஆண்டு பஞ்சம். விளைகிற காலத்திலேயே உண்ணத் தேவையானது போக மற்றதைக் கதிரோடு விட்டுச் சேமிக்கச் சொன்னார்கள். எவ்வளவு உண்பது, எவ்வளவு வைப்பது, எந்த வடிவில் வைத்தால் கெடாது, எத்தனை ஆண்டுக்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தமக்குரிய தகுதியாக அவர்கள் சொன்னவை இரண்டு: பாதுகாக்கும் நேர்மை, அதற்கான அறிவு. நேர்மையானவர்கள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது தகுதியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இராக்கின் சவாது நிலம் கைக்கு வந்தபோது, அதைப் போர் வீரர்களுக்குப் பங்கு வைத்துவிடலாம் என்று பலர் கேட்டார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டு, நிலத்தை உழுகிறவர்களிடமே விட்டு வரி மட்டும் வாங்கினார்கள் கலீஃபா. பிறக்காத பிள்ளைக்கும் அந்த முடிவில் ஓர் இடம் வைத்தார்கள்.

சரி, இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒரு பகுதியை மட்டும் சொல்கிறோம். ஸ்வீடன் நாட்டில் பிளெக்கிங்கே தொழில்நுட்பக் கழகம் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004 முதல் இந்தத் துறையில் ஒரு முதுகலைப் படிப்பை அது நடத்திவருகிறது. அங்கே பாடத்தின் அச்சாணி பின்னோக்கித் திட்டமிடல். அது என்னவென்று நம் வீட்டுத் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். நிக்காஹ் தேதி குறித்துவிட்டால் அங்கிருந்து பின்னால் எண்ணுகிறோம். மண்டபம் எப்போது, பத்திரிகை எப்போது, மாப்பிள்ளை துபாயிலிருந்து எந்தத் தேதிக்குள் லீவு வாங்க வேண்டும், நகைக்கு எந்த மாதத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். கையில் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப ஏதோ ஒரு நாள் கல்யாணம் நடக்கட்டும் என்று யாரும் விடுவதில்லை. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பல நேரம் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த ஆண்டு எவ்வளவு நிதி வந்தது, எந்த ரோட்டைப் போடலாம் என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டு கழித்துத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும், அதற்கு இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டும் என்று எண்ணுவதற்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

அரியலூரில் இதை வைத்துப் பார்த்தால் விஷயம் சூடாகிவிடும்.

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் விட்டுப்போன சிப்பியும் சுண்ணாம்புமே இன்று சிமெண்டாகப் போகின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள் அந்தப் புதைபடிவங்களைப் பார்த்திருப்பீர்கள். அரசு சிமெண்ட் ஆலை 1979இல் இங்கே தொடங்கியது. அதன் பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. வேலை வந்தது, லாரி வந்தது, புழுதியும் வந்தது. இவை மூன்றையும் பற்றித்தான் நாற்பது ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான்காவதைப் பற்றி யாரும் பேசக் காணோம். சுண்ணாம்புக்கல் மழைநீர் போல வருடா வருடம் ஊறுவதில்லை. தோண்டிய பள்ளம் தோண்டியதுதான். கல் தீர்ந்த பிறகு அரியலூர் எதை வைத்துப் பிழைக்கும்?

இது வெறும் கவலைப் பேச்சு இல்லை. சட்டத்தில் இதற்குக் காலக்கணக்கு இருக்கிறது. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, சொந்த ஆலைக்காகக் கல் எடுக்கும் பழைய குத்தகைகள் குறைந்தது 2030 மார்ச் 31 வரை செல்லும் என்று வைத்தார்கள். சில குத்தகைகளுக்கு அதைவிடக் கூடுதல் காலம் உண்டு. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் என்று ஓர் ஆவணம் இருந்தாக வேண்டும். பள்ளத்தை என்ன செய்வார்கள், எங்கே மரம் வைப்பார்கள், தண்ணீர் தேங்கினால் அது யாருக்கு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதே 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றும் வந்தது. 2015 ஜனவரி 12க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையையும், அதன்பின் ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதத்தையும் அந்த நிதியில் செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. அதில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம், கல்வி, மாசுக் கட்டுப்பாடு போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது அப்போது போட்ட விதி.

இப்போது ஒரு கேள்வி. அந்த நிதியை ஐந்து ஆண்டில் தீர்ந்துபோகும் கட்டடங்களாகக் கட்டிவிடுவதா, கல் தீர்ந்த பின்னும் சோறு போடும் தொழிலாக, திறமையாக, நீர்நிலையாக மாற்றுவதா? யூசுஃப் நபி (அலை) அவர்களின் கேள்வியும் இதுதான். விளையும் ஆண்டுகள் இவை. கதிரில் எவ்வளவு விட்டுவைக்கப் போகிறோம்? இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது. பத்து ஆண்டுக் கணக்கை வாசித்து, மாற்று வழிகளை எடைபோட்டு, எந்த வழிக்கு எவ்வளவு செலவு, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கோபம் மட்டும் உள்ளவர் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து கத்துவார், அதிகாரி குறித்துக்கொள்வார், கூட்டம் கலையும். 2006 செப்டம்பர் 14 அறிவிக்கைப்படி பெரிய சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். அந்த முப்பது நாளில் அதைப் படித்து, 'பக்கம் இத்தனையில் நிலத்தடி நீரைக் கோடையில் அளக்கவில்லை, ஏன்?' என்று எழுத்தில் கேட்கிற ஒரு பட்டதாரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியும் பதிலும் கோப்பில் ஏறும்.

இந்தப் படிப்பை வெறும் எதிர்ப்புக்கான படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களைக் கேளுங்கள். பட்டறை போட்டு வைத்தால் விலை ஏறும்வரை காத்திருக்கலாம், ஆனால் மழை அடித்தால் அழுகல். எல்லோரும் ஒரே மாதத்தில் எடுத்தால் விலை படுத்துவிடும். விதைப்பு, நீர், சேமிப்பு, சந்தை நான்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பது திட்டமிடல் மாணவருக்கு முதல் பருவப் பயிற்சி. கரைவெட்டி ஏரி இன்னொரு நல்ல உதாரணம். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அங்கே வருகிறது. 2024 ஜனவரியில் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்கு ஏரி நிறைய வேண்டும், விவசாயிக்கு மடை திறக்க வேண்டும், மீன் குத்தகைக்காரருக்கு வேறு கணக்கு. யாரையும் விரட்டாமல் மூவருக்கும் ஓர் ஏற்பாடு எழுத முடியுமா? முடியும், ஆனால் உட்கார்ந்து எழுத வேண்டும். வரைபடத்தில் நிலப்பயன்பாட்டைப் படிக்கும் ஜி.ஐ.எஸ்., செலவு வரவு மதிப்பீடு, மக்களிடம் கேட்டறியும் முறை, திட்டம் நடக்கிறதா என்று அளக்கும் குறியீடுகள் எல்லாம் பாடத்தில் வரும். கணக்குக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளஸ் டூ கணக்கு அளவுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கம்தான் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும். அதை இப்போதே தொடங்கலாம்.

எங்கே படிப்பது? திண்டுக்கல் அருகே காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது. 1956இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது, 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஊரக வளர்ச்சியில் முதுகலைப் படிக்க நமக்குக் கைக்கெட்டும் தூரம் அதுதான். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் எம்.பிளான் இருக்கிறது. சிவில், கட்டடக்கலை முடித்தவர்களுக்கு அது நேர்வழி. புவியியல், பொருளியல், சமூகவியல் முதுகலை முடித்தவர்களையும் எம்.பிளானில் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. டெல்லி, போபால், விஜயவாடாவில் இதற்கென்றே மத்திய அரசுக் கல்வி நிறுவனங்கள் நடக்கின்றன. பொருளாதாரம் படித்தவர்கள் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கலாம். ஸ்வீடனைச் சொன்னோம், ஆனால் 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து போகிறவர்களுக்கு அங்கே கட்டணம் உண்டு. உதவித்தொகை கிடைத்தால் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. காந்திகிராமம் போன்ற மத்திய நிதி பெறும் இடங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பத் தேதி உங்கள் கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்பே வந்து போய்விடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு எங்களிடம் வந்து கேட்டால் ஓர் ஆண்டு போச்சு.

சான்றிதழ் விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். மத்திய நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஓ.பி.சி. பட்டியலில் வருகிறோம். அதற்குக் கிரீமிலேயரில் வராதவர் என்ற மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு இப்போதே போய்விடுங்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறோம். கல்லூரி வாசலுக்கே கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போகும் படிப்பு இல்லை இது. தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாகவே இருக்கும். நகர் ஊரமைப்புத் துறையின் உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, எம்.பிளான் அதற்கு உதவும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை எடுக்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அந்தப் பிரிவுகளுக்கும் ஆள் தேவை. வளைகுடா நாடுகளிலும் இப்போது இந்தப் பட்டத்துக்கு இடம் இருக்கிறது. திட்டம் போட்டு நம்மைத் திருப்பி அனுப்பிய ஊருக்கே திட்டம் போடுகிறவராகப் போகலாம் என்று எங்களில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் மதிப்பெண் அதிகம் வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களின் மனம் எங்களுக்குத் தெரியும், வற்புறுத்த வரவில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஊரக வளர்ச்சி முதுகலையை வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், நிக்காஹ் ஆன பிறகும் தொடரலாம். கிணறு வற்றினால் முதலில் குடம் தூக்குவது யார்? ரேஷன் கடை எவ்வளவு தூரம் என்று காலால் அளந்தது யார்? அந்த அறிவோடு பட்டமும் சேர்ந்தால், கிராம சபையில் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வாசிக்கப்படும்போது நம் தெருவிலிருந்து ஒரு குரல் சரியாகப் பேசும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அவற்றில் நம் பெண்கள் எத்தனைக்குப் போயிருக்கிறோம் என்று இங்கிருக்கும் தாய்மார்களே சொல்லட்டும்.

கடைசியாகப் பணம். வங்கிக் கடன் என்றாலே வட்டியை நினைத்து நல்ல படிப்பை விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அதற்காகத்தான் அறக்கட்டளையின் அழகிய கடன் நிதி இருக்கிறது. இதுநாள்வரை அதில் மருத்துவம், பொறியியல், செவிலியர், ஆசிரியர் பயிற்சி மாணவர்களே பயன்பெற்றார்கள். இந்த ஆண்டிலிருந்து பெரம்பலூரில் ஒருவர், அரியலூரில் ஒருவர் என இரண்டு பேருக்குத் திட்டமிடல் அல்லது ஊரக வளர்ச்சி முதுகலைக்கான கட்டணமும் விடுதிச் செலவும் வட்டியில்லாக் கடனாகத் தர நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வேலை கிடைத்து ஓராண்டு கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கினால் போதும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. படிக்கும்போது எழுதும் ஆய்வேடு நம் இரண்டு மாவட்டங்களில் ஏதாவது ஓர் ஊரைப் பற்றியதாக இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லோ, வெங்காயமோ, வெள்ளாறோ, ஊர் திரும்பிய வளைகுடாத் தொழிலாளர்களோ, உங்கள் விருப்பம்.

இரண்டு பேர் போதுமா என்று கேட்கலாம். ஜகாத், ஸதகா கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் இப்போது முடியாது என்பது தெரியும். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இந்த நிதிக்கென்று தனியாகத் தந்தால் மூன்றாவது இடம் திறப்போம். அதைப் பெண் பிள்ளைக்கே ஒதுக்குவதாக இருக்கிறோம்.

விண்ணப்பப் படிவம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தந்தப் பள்ளிவாசல் அலுவலகத்தில் கிடைக்கும். நிரப்பும்போது மதிப்பெண்ணோடு, உங்கள் ஊரில் அடுத்த இருபது ஆண்டில் சரிசெய்ய வேண்டிய ஒரு விஷயத்தை ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதித் தாருங்கள். தேர்வுக் குழு முதலில் படிக்கப் போவது அந்தப் பக்கத்தைத்தான். வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, ஒரு சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாக வாசிக்கப் போகிறோம். விண்ணப்பிக்காதவர்களும் வரலாம். தேதியைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் போடுவோம்.